செவலையை எங்கே விட்டாய்?

ஒரு நாவலை முடித்துக் கொடுத்த பிறகு வரும் மாதங்களில் நான் எதற்கும் உதவாதவள். மேசை துடைத்துக் கிடக்கும். பேனாவைத் தொட்டால் கை கூசும். கடைத்தெருவில் யாராவது நிறுத்தி "அடுத்து என்ன எழுதுதீங்க?" என்று கேட்டால், கறிவேப்பிலை வாங்க மறந்துவிட்டேன் என்று சொல்லி நழுவிவிடுவேன். மூன்றாவது நாவல் வெளிவந்த பிறகு அப்படி ஒரு வெற்றுக் காலம் நீண்டுகொண்டே போனது. அப்போது எனக்கு இருந்த ஒரே வேலை செவலையைப் பார்த்துக்கொள்வதுதான்.

செவலை சிப்பிப்பாறை நாய். முயல் பிடிக்கிற சாதி. கோவில்பட்டிக்கு வெளியே ஒரு பருத்திக்காட்டிலிருந்து குட்டியாகத் தூக்கி வந்தேன். முதல் நாவலைத் தொடங்கிய வருடம் அது. மூன்று நாவல்களையும் அவள் என் கால்மாட்டில் படுத்திருக்கத்தான் எழுதினேன். இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. பின்னங்கால்கள் தளர்ந்துவிட்டன. வலது கண்ணில் பால் படர்ந்திருக்கிறது. காதும் கேட்பதில்லை. சில நாள் படுத்த இடத்திலேயே ஈரமாக்கிவிட்டு, வெட்கப்பட்டது போலத் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். நான் துடைத்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல இருப்பேன். நான் தனியாள். வங்கி வேலையை விட்டுவிட்டு எழுத வந்தவள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

மாசி மாதம், வெயில் சுள்ளென்று அடிக்கிற ஒரு மத்தியானத்தில் எனக்குக் குளிரெடுத்தது. பல் கிட்டிப்போகிற குளிர். வலது விலாவுக்குக் கீழே தொடங்கிய வலி முதுகுக்குப் போய்த் தோள்பட்டையில் ஏறியது. இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிடந்தேன். மறுநாள் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது. உடம்பெல்லாம் அரிப்பு. முகம் கழுவப் போனபோது கண்ணாடியில் பார்த்தேன், கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

தம்பி ஜெபராஜுக்குப் போன் செய்தேன். எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான். அடுத்த தெருவில் வீடு, மார்க்கெட் ரோட்டில் உரக்கடை. சபையில் கமிட்டி மெம்பர். என் புத்தகம் ஒவ்வொன்றையும் பத்துப் பிரதி வாங்கி, கடைக்கு உரம் வாங்க வரும் சம்சாரிகளிடம் "எங்கக்கா எழுதுனது" என்று கொடுப்பான். வந்து என் கண்ணைப் பார்த்ததும் வண்டியை எடுத்தான்.

கோவில்பட்டி டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஈரலுக்கு அடியில் ஒரு சின்னப் பை இருக்கிறது, அதுதான் பித்தப்பை. நாம் சாப்பிடும் கொழுப்பைச் செரிக்க வைக்கிற பித்தநீர் அதில் சேர்ந்து, ஒரு மெல்லிய குழாய் வழியாகக் குடலுக்கு இறங்கும். என் பையில் கற்கள் இருந்திருக்கின்றன. ஒன்று நழுவிப் போய் அந்தக் குழாயை அடைத்துவிட்டது. இறங்க வழியில்லாத பித்தநீர் ரத்தத்தில் கலந்ததால் மஞ்சள். தேங்கிய இடத்தில் கிருமி சேர்ந்ததால் குளிர்காய்ச்சல்.

"இங்கன வச்சிப் பாக்க முடியாதும்மா. திருநெல்வேலி போயிருங்க, இன்னைக்கே" என்றார்.

வீட்டுக்கு வந்து துணி எடுத்து வைத்தபோது செவலை என் பின்னாலேயே அறைக்கு அறை வந்தாள். அவள் கழுத்தில் பட்டை உரசி ஒரு புண் வந்திருந்தது. சிவப்புப் பட்டையைக் கழற்றி, புண்ணில் மருந்து தடவினேன். உப்பில்லாமல் தயிர்ச்சோறு குழையப் பிசைய வேண்டும், எழுந்திருக்க முடியாவிட்டால் இடுப்புக்கு அடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும் என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"நான் பாத்துக்கிடுதேன்க்கா. நீ மொதல்ல ஏறு" என்றான்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தில் ஒரே மாதிரி நாற்காலிகள் வரிசையாக இருந்தன. யாரும் பக்கத்திலிருப்பவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவரவர் பெயரைக் கூப்பிடும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரத்தம் எடுத்தார்கள், மறுபடி எடுத்தார்கள். கிருமி ரத்தத்திலும் இறங்கியிருப்பதாக டாக்டர் தம்பியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றே மயக்க ஊசி போட்டு, நுனியில் கேமரா வைத்த நீளக் குழாயை வாய் வழியாக இரைப்பை தாண்டி இறக்கினார்கள். அடைத்துக்கொண்டிருந்த கல்லை இழுத்து வெளியே எடுத்து, பித்தநீர் தடையில்லாமல் வடிய ஒரு குட்டிப் பிளாஸ்டிக் குழாயை உள்ளேயே வைத்தார்கள். காய்ச்சல் தணிந்ததும் பித்தப்பையையே எடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

காய்ச்சல் உடனே தணியவில்லை. விழிப்பும் மயக்கமுமாகக் கிடந்த அந்த நாட்களில் என்னைப் பார்த்துக்கொண்டது ஜெபராஜும் அவன் மனைவி கிரேஸும்தான். அதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். நான் வாந்தி எடுத்த பாத்திரத்தை முகம் சுளிக்காமல் கழுவி வைத்தான். சொறிந்து சொறிந்து தோலைக் கிழித்துக்கொள்வேன் என்று கட்டிலில் உட்கார்ந்து என் கைவிரல் நகங்களை வெட்டிவிட்டான், எங்கள் அம்மா சின்ன வயதில் அவனுக்கு வெட்டியது போலவே, ஒவ்வொரு விரலாகப் பிடித்து. கஞ்சியை ஆற்றி ஸ்பூனால் ஊட்டினான். நர்ஸுகள் என்னிடம் "தம்பின்னா இப்படியில்லா இருக்கணும்" என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

தினமும் சாயங்காலம் செவலையைப் பற்றிக் கேட்பேன். அவள் வீட்டில் இருப்பதாகவும் கடைப்பையன் சோறு வைப்பதாகவும் சொல்வான். போனில் படம் காட்டுவான். துவைகல் பக்கம் படுத்திருக்கிற செவலை. வாசற்படியில் முகத்தை வைத்திருக்கிற செவலை.

"இன்னைக்கு எடுத்தது. ரெண்டு தடவ சோறு வாங்கித் தின்னா" என்பான்.

காய்ச்சல் இறங்கிக் கண் தெளிந்த அன்றைக்குத்தான் அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்தேன். செவலையின் கழுத்தில் சிவப்புப் பட்டை இருந்தது.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். புண்ணுக்காக நான் கழற்றிய பட்டையை யாரும் மறுபடி மாட்டியிருக்க மாட்டார்கள். அவன் காட்டியது எல்லாம் பழைய படங்கள்.

மறுநாள் அவன் மருந்து வாங்கக் கீழே போனதும் கிரேஸிடம் கேட்டேன். "செவலை செத்துப்போச்சா?"

கிரேஸ் நல்ல பெண். பொய் சொல்லப் பழகாதவள். கையிலிருந்த ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு அழுதாள்.

"சாகல மதினி. அவிய வண்டியில ஏத்திக்கிட்டுப் போயி விளாத்திகுளத்துக்கு அங்கிட்டு ஒரு புரோட்டாக் கடைகிட்ட எறக்கி விட்டுட்டு வந்துட்டாவ. கடை இருந்தா மிச்சம் மீதி கெடைக்கும்னுதான்... ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் பிரிச்சு வச்சிட்டு வந்தாவளாம். நான் சொன்னதாச் சொல்லிராதீங்க மதினி."

விளாத்திகுளத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நிழலுக்கு வேலிக்கருவேலம், அதை விட்டால் வானம். மிளகாய் பறித்து முடித்த காடுகள் வெடித்துக் கிடக்கும். பின்னங்கால் இழுக்கிற, ஒற்றைக் கண்ணுள்ள, காது கேட்காத ஒரு கிழட்டு நாயை அந்த ரோட்டோரத்தில் இறக்கிவிட்டு, கண்ணாடியில் பார்க்காமல் வண்டியை ஓட்டி வந்திருக்கிறான். வந்து கையைக் கழுவிவிட்டு எனக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறான்.

நோயிலிருந்து எது என்னை எழுப்பியது என்று கேட்பவர்களிடம் நான் மருந்துகளின் பெயரைச் சொல்கிறேன். உண்மையில் அன்று மத்தியானத்திலிருந்துதான் நான் பிழைக்கத் தொடங்கினேன். அதுவரை பாதி வைத்த இட்லியை முழுதாகத் தின்றேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடைபாதையின் கடைசி வரை நடந்தேன், திரும்பி நடந்தேன். மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த மூன்று பந்துக் கருவியில் மூன்று பந்தையும் மேலே ஏற்றினேன். "மனதைரியம் உள்ள ஆளு" என்று டாக்டர் பாராட்டினார். எனக்கு இருந்தது தைரியம் அல்ல. கட்டிலில் மல்லாந்து கிடப்பவளால் பழிவாங்க முடியாது என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது.

அத்தனை மாதம் எவரும் எட்டிப் பார்க்காமல் கிடந்த என் தலைக்குள் ஜெபராஜ் வந்து உட்கார்ந்துகொண்டான். பகல் முழுவதும் அவனுக்குத் தண்டனைகள் எழுதினேன். வெடித்த கரிசலில் செருப்பில்லாமல் நடக்க வைத்தேன். தண்ணீர் கேட்க வைத்தேன். எவரும் கொடுக்கவில்லை. அவன் எதிரே உட்கார்ந்து என் கால்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருப்பான். நான் கண்ணை மூடிக்கொண்டு அவனைப் புரோட்டாக் கடை வாசலில் இறக்கிவிட்டு வருவேன்.

"தூங்கு, தூங்கு" என்பான்.

உடனே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நாவல் எழுதுகிறவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை, எந்த முடிச்சை எந்த இடத்தில் அவிழ்ப்பது என்பதுதான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சபையிலிருந்து பாஸ்டரும் ஏழெட்டுப் பேரும் ஜெபம் பண்ண வந்தார்கள். அறை நிரம்பிவிட்டது. ஜெபராஜ் என் தலைமாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இப்படி ஒரு தம்பி கெடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும்க்கா" என்றார் ஒருவர். "கடையக்கூடப் பூட்டிப் போட்டுட்டு வந்து கெடக்கான்."

பாஸ்டர் கேட்டார்: "விசேஷமா எதுக்காவது ஜெபிக்கணுமாம்மா?"

"ஆமா பாஸ்டர்" என்றேன். "என் நாய்க்காக. ஜெபா, செவலைய எங்கன விட்டேன்னு இவியகிட்டச் சொல்லு. எடம் தெரிஞ்சாத்தான ஜெபிக்க முடியும்?"

அவன் கட்டியிருந்த கையைக் கீழே விட்டான். கழுத்திலிருந்து மேலே ரத்தம் ஏறிக் காதெல்லாம் சிவந்தது. எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

"சொல்லுலே" என்றேன்.

சொன்னான். விளாத்திகுளத்துக்கு அப்பால் என்று சொன்னான், புரோட்டாக் கடை என்று சொன்னான். பிஸ்கட்டை அவன் சொல்லவில்லை. பாராட்டியவர் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். பாஸ்டர் நல்ல மனிதர். கண்ணை மூடி, என் ஆபரேஷனுக்காகவும், வழியில் விடப்பட்ட அந்த வாயில்லா ஜீவனுக்காகவும் ஜெபித்தார். பழிவாங்குகிற வேலையை ஆண்டவர் கையில் விட்டுவிட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் விடவில்லை. 'ஆமென்' சொல்லும்போது என் உடம்பில் ஒரு இடத்திலும் வலி இல்லை.

அவர்கள் போன பிறகு அவன் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"நீ பொழைப்பேன்னு எனக்கு நம்பிக்கை இல்லக்கா. ரத்தத்துல கிருமி போயிருச்சு, ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்டுக்குப் போனா அது வாசல்ல உக்காந்து வானத்தப் பாத்து ஊளையிடுது. பகல்ல ஊளையிடுது, ராத்திரி ஊளையிடுது. நாய் ஊளையிட்டா அந்த வீட்டுல சாவுன்னு தெருவே சொல்லுது. என்னால கேக்க முடியலக்கா. வாய அடைக்கத்தான் கொண்டுபோயி விட்டேன்."

"அது என்னையத் தேடி அழுதிருக்குலே."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அது அவனுக்குத் தோன்றவே இல்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கு ஒரு கணம் நெஞ்சு இளகியது. அந்தக் கணத்தை நான் கெட்டியாகப் பிடித்து வெளியே தள்ளினேன்.

மறுநாள் வயிற்றில் நான்கு சின்னத் துளைகள் போட்டு, அவற்றின் வழியே பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். எடுத்த கற்களை ஒரு டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். பழுப்பு நிறத்தில், துவரம்பருப்பு மாதிரி. கனமான எதையும் கொஞ்ச காலம் தூக்கக்கூடாது, அலையக்கூடாது, ஓய்வு எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நான் ஓய்வு எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் காலையிலேயே ஜெபராஜை வரச் சொன்னேன். உரக்கடையின் குட்டியானை வண்டியில் முன்சீட்டில் ஏறி, வயிற்றோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் தையல் இழுத்தது.

"எக்கா, நான் மட்டும் போய்ப் பாத்துட்டு வாரேன். ஒன்னால முடியாது."

"ஓட்டு."

புரோட்டாக் கடைக்காரருக்கு நாய் நினைவிருந்தது. "நீங்கதானா அண்ணாச்சி விட்டுட்டுப் போனது?" என்று ஜெபராஜை மேலும் கீழும் பார்த்தார். "நாலஞ்சு நாளு இங்கனதான் கெடந்துச்சு. எந்த வண்டி நின்னாலும் எந்திரிச்சு வந்து பாக்கும். அப்புறம் ஒரு ஆட்டு மந்தை போச்சு. அது பின்னால போயிருச்சு."

மந்தை தெற்கே போனதாகச் சொன்னார். அன்றிலிருந்து தினமும் காலையில் கிளம்பினோம். நான் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பேன். அவன் இறங்கிக் காட்டுக்குள் நடக்க வேண்டும். "கூப்பிட்டுக்கிட்டே போ" என்றேன். பங்குனி வெயிலில், பாளம் பாளமாக வெடித்த கரிசலில், என் தம்பி "செவலை! செவலை!" என்று கத்திக்கொண்டே போவான். வெடிப்பில் கால் மாட்டித் தடுமாறுவான். மோட்டார் பைக்கில் போகிறவர்கள் நிறுத்தி வேடிக்கை பார்ப்பார்கள். செவலைக்குக் காது கேட்காது, கூப்பிட்டுப் பிரயோஜனம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். இருந்தாலும் கூப்பிடச் சொன்னேன். குரல் தேய்ந்தால், "இங்கன கேக்கல, சத்தமா" என்பேன். சட்டை நனைந்து உதடு வெடித்து அவன் திரும்பி வரும்போது தண்ணீர் பாட்டிலை நீட்ட மாட்டேன். அவனே எடுத்துக் குடித்துக்கொள்வான். ஆஸ்பத்திரியில் நான் எழுதிப் பார்த்த தண்டனை அப்படியே கண்முன் நடந்தது. நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஒரு நாள் ரோட்டிலிருந்து தள்ளி ஒரு மிளகாய்க் களம் தெரிந்தது. ஒரு ஏக்கர் பரப்புக்குச் சிவப்பாக வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் சாக்குப் படுதாவில் நிழல் கட்டியிருந்தார்கள். அந்த நிழலில் மண்நிறத்தில் ஏதோ கிடந்தது. ஜெபராஜ் நின்றுவிட்டான். பிறகு ஓடினான்.

தலையணையைப் பிடித்துக்கொண்டு நானும் இறங்கி நடந்தேன். மிளகாய் நெடி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது. தும்மும்போது தையல் பிய்வது போல வலித்தது. களத்தில் வற்றலைக் கிளறிக்கொண்டிருந்த பெண் பலகையை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்தாள். பெயர் ரெங்கம்மா.

"முசலி ஒங்க நாயா?" என்றாள். முசலி என்றால் தெலுங்கில் கிழவி. "ஆட்டுக்காரவிய பின்னால வந்துச்சு. கால் அடியெல்லாம் தோலு உரிஞ்சு நடக்க முடியாம இங்கனயே உக்காந்திருச்சு. கூழு ஊத்துனேன், குடிச்சுது. சரி, கெடந்துட்டுப் போவுதுன்னு விட்டுட்டேன்."

செவலை எலும்பாக இருந்தாள். தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தாள். நான் குனிய முடியாமல் நின்றபடி கையை நீட்டினேன். அவள் என் கையை முகர்ந்தாள், வயிற்றுப் பக்கம் முகர்ந்தாள், பின்வாங்கினாள். என் உடம்பில் ஆஸ்பத்திரி வாடை. அவளுக்குத் தெரிந்த வாடை ஒன்றும் மிச்சமில்லை. அவள் என்னைத் தாண்டித் தட்டுத்தடுமாறிப் போய், மண்டியிட்டிருந்த ஜெபராஜின் தொடையில் தலையை வைத்தாள். அவனிடம் எப்போதும் போல உரக்கடை வாடை. வாலை இரண்டு தடவை ஆட்டினாள். அவன் புறங்கையை நக்கினாள்.

அவன் அவளைக் கட்டிக்கொண்டு, ரெங்கம்மா பார்க்கப் பார்க்க, கேவிக் கேவி அழுதான்.

"பாத்தியாக்கா... அதுக்கு மனசுல ஒண்ணுமே இல்லக்கா."

"அது நாய்லே" என்றேன். "நான் நாய் இல்ல."

வயிறு வலிக்க வலிக்கத் தரையில் உட்கார்ந்தேன். உள்ளங்கையை அவள் வாய்க்குள் மெதுவாக வைத்தேன்; குட்டியிலிருந்தே அவளோடு விளையாடுகிற விளையாட்டு அது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு பல் படாமல் கையைக் கவ்வி, தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் போட்டாள். அப்போதுதான் நான் அழுதேன். நோய் தொடங்கியதிலிருந்து அதுவரை அழுததில்லை.

செவலை இப்போது வீட்டில் இருக்கிறாள். கால்கள் ஆறிவிட்டன. கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சிறுநீரகம் பழுதாகி வருகிறது, வயசாகிவிட்டது, வசதியாக வைத்திருங்கள் என்றார். என் வயிற்றுக்குள் வைத்த குழாயையும் எடுத்துவிட்டார்கள். எண்ணெய்ப் பலகாரம் தவிர எதுவும் சாப்பிடலாம். கனம் தூக்க இன்னும் அனுமதி இல்லை.

அதனால் தினமும் விடிந்ததும் ஜெபராஜ் வருகிறான். அவளை இரண்டு கையாலும் ஏந்தி முற்றத்துக்குக் கொண்டு போகிறான். இடுப்பைப் பிடித்து நிறுத்துகிறான். இரவு நனைத்த சாக்கை அலசிக் காயப்போடுகிறான். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். தேவைக்கு மேல் பேசுவதில்லை. காப்பி கொடுப்பதுண்டு. இதையெல்லாம் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். சபையில் ஏற்கெனவே தலைகாட்ட முடியவில்லையாம். இனி கடைக்கு வரும் சம்சாரிகளுக்கு அவன் இதையும் கொடுக்கட்டும்.

நேற்று வேலையெல்லாம் முடித்து, கை கழுவிவிட்டு, வாசலில் தயங்கி நின்றான்.

"எக்கா, இன்னும் எத்தன நாளைக்குக்கா இப்படி?"

"அவ இருக்குத வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"அப்புறம் நான் கெழவி ஆயிருவேன்லா" என்றேன். "என்னைய நீ எங்கன கொண்டுபோயி விடுதேன்னு பாப்போம்."